லேலோங்! லேலோங்!

கேள்வி: வீட்டு விலை சரிகிறது, வட்டி ஏறுகிறது. தவணை கட்ட முடியாதவர்களின் வீடுகளை வங்கி ஏலம் விடும் நிலை வந்தால் நம்பிக்கை இழக்காமல் இருப்பது எப்படி? (வாசகி, உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்)

பதில்: நம்பிக்கையை அப்புறம் பார்க்கலாம். ‘ஏலம்’ என்று எழுதிவிட்டீர்களே, அதை முதலில் பிடித்துக்கொள்கிறேன். டீயில் தட்டிப் போடும் ஏலம் நம்முடையது. வங்கி விடும் ஏலம் போர்த்துகீசியனுடையது. அதே சொல்தான் மலாயில் ‘லேலோங்’. பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) தொண்டை கிழியக் கூவிச் சட்டை விற்பவர் செய்வதைத்தான் ஏலக்காரர் கோட்டு மாட்டிக்கொண்டு செய்கிறார். சாவி, ஜன்னல், அலமாரி எல்லாமே போர்த்துகீசியன் கொண்டுவந்தவைதான். சாவியைக் கொடுத்தவனே ஏலத்தையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான்!

(‘சாவி’ என்று எழுதும்போதெல்லாம் ‘திறவுகோல்’ என்று திருத்தி, ஐந்து வருடமாகக் கடிதம் போடும் ஆங் மோ கியோ அன்பருக்கு: நடுராத்திரி வாசலில் நின்றுகொண்டு ‘திறவுகோலைத் தொலைத்துவிட்டேன்’ என்று வீட்டுக்குப் போன் போட்டுப் பாருங்கள். ஏதோ கவியரங்கம் என்று வைத்துவிடுவார்கள்.)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1996 மே மாதம் வீட்டு ஊக வணிகத்துக்கு அரசாங்கம் கடிவாளம் போட்டது. மறுவருடம் ஆசிய நிதி நெருக்கடி. 1998 முடிவதற்குள் தனியார் வீட்டு விலை உச்சத்திலிருந்து ஏறத்தாழ 45 விழுக்காடு விழுந்தது. என் மைத்துனர் 1996 தொடக்கத்தில்தான் கூட்டுரிமை வீடு (தனியார் காண்டோமினியம்) வாங்கியிருந்தார். என்ன ராசியோ! வீட்டைவிடக் கடன் பெரிதாகிவிட்டது. நம்பிக்கையோடு இருந்தீர்களா என்று இப்போது கேட்டால் சிரிக்கிறார். காரை விற்றார். ஓர் அறையை வாடகைக்கு விட்டார். தவணை தவறுவதற்கு முன்பே வங்கியில் போய் உட்கார்ந்து, கடன் காலத்தை நீட்டி வாங்கினார். அவருடைய நண்பர் ஒருவர் வங்கிக் கடிதங்களைப் பிரிக்காமலேயே அலமாரியில் (அதே அலமாரிதான்) அடுக்கி வைத்தார். அவர் வீடுதான் லேலோங்குக்குப் போனது. நாமே விற்றால் பேரம் பேச நாலு நாள் கிடைக்கும். வங்கிக்கு அந்தப் பொறுமை கிடையாது. விற்றும் கடன் மிச்சமிருந்தால் அதையும் கேட்கும்.

வட்டி ஏறுகிறது என்கிறீர்கள். அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய வீட்டுக்கு அந்தக் கழகத்திடமே கடன் வாங்கியிருந்தால் 2.6 விழுக்காடு, பல வருடமாக அசையவில்லை. இன்னொன்று: வீட்டைச் சந்தை விலைக்கு விற்றுக் கடனை அடைத்தபின், வீடு வாங்க மத்திய சேமநிதியிலிருந்து (சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் ஓய்வுக்காலச் சேமிப்பு) எடுத்ததற்காக அதற்குத் திருப்ப வேண்டிய தொகை முழுதாகத் தேறாவிட்டால், அந்தக் குறையைக் கைக்காசு போட்டு நிரப்பச் சொல்வதில்லை. இது தெரியாமல் தூக்கம் கெட்டவர்கள் பலர்.

நம்பிக்கையைப் பற்றித்தானே கேட்டீர்கள்? திறவுகோல் அன்பர் அடுத்த இதழுக்குள் இந்தப் பதிலுக்கும் திருத்தம் அனுப்புவார். அந்த நம்பிக்கை எனக்கு ஒருநாளும் குறைந்ததில்லை.