பதில்: அக்கா மகன் படித்ததை மறக்கிறான், மாத்திரையை வீசுகிறான்

சகோதரி, பெற்றோரை இழந்த, பிறவியிலேயே எச்.ஐ.வி. உள்ள 14 வயது அக்கா மகனை வளர்க்கிறீர்கள். படித்தது தங்கவில்லை, எரிந்து விழுகிறான், மாத்திரையை வீசுகிறான், வாத்தியார் சோம்பேறி என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள்.

சோம்பேறித்தனம் என்று நான் நம்பவில்லை. இந்த வைரஸ் வளரும் மூளையையும் தொடும். சிகிச்சை தாமதமாகத் தொடங்கிய பிள்ளைகளுக்கு யோசிக்கும் வேகமும், சொன்னதை மனதில் வைத்துக்கொண்டே வேலை செய்யும் திறனும் குறையலாம். "புத்தகத்தை எடு, மூன்றாம் கணக்கைப் போடு, என்னிடம் காட்டு" என்று ஒரே மூச்சில் சொன்னால் புத்தகத்தோடு நின்றுவிடுவான். ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்.

முதலில், எச்.ஐ.வி. மாத்திரை தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். எச்.ஐ.வி.க்குத் தரும் எஃபாவிரென்ஸ், டோலுடெக்ராவிர் என்ற மாத்திரைகள் இரண்டுமே சிலருக்குத் தூக்கத்தையும் மனநிலையையும் கெடுக்கும், அதையும் கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள்.

அப்புறம், அவனுக்கு இன்னும் விஷயமே தெரியாது என்கிறீர்களே, என்னை உறுத்துவது அதுதான். எதற்கென்று தெரியாமல் தினமும் மாத்திரை விழுங்கச் சொன்னால் யாருக்கும் கோபம் வரும். 12 வயதுக்குள்ளேயே, பக்குவம் பார்த்துச் சொல்லிவிட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இனியும் தள்ளாதீர்கள், மையத்து ஆலோசகரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

பள்ளியில் நோயைச் சொல்லக் கட்டாயமில்லை. 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் உங்கள் பக்கம். கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று மட்டும் பரிசோதித்துச் சான்றிதழ் கிடைத்தால், தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாம்.

சாவைப் பற்றிப் பேசினால் மட்டும், அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.