நெல்லையும் மாட்டையும் விட்டுடணுமா?

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் 2 ஏக்கர் நெல்லும் 3 கறவை மாடும் வைத்திருக்கும் ஒரு அண்ணன் கேட்கிறார்: "நம்ம நெல்லும் மாடும்தான் உலகத்தைச் சூடாக்குதுன்னு காலேஜ் போற மக சண்டை பிடிக்கிறா. நிஜமா? நான் என்ன பண்ணட்டும்?"

மகள் சொல்வது பொய்யில்லைங்கண்ணா. பூமியைச் சூடாக்கும் பசுமைக்குடில் வாயுக்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு நம்ம சாப்பாட்டுக் கணக்கில் வருகிறது. காட்டை வெட்டி நிலமாக்குவதிலிருந்து உரம், மாடு, நெல், கடைசியில் குப்பைக்குப் போகும் மிச்சம் வரை எல்லாம் அதில் அடக்கம். ஆந்திரா அரிசி லாரியில் வருகிறதே என்று திட்டுவார்கள், ஆனால் லாரிப் புகை அதில் சின்னப் பங்குதான், பெரும்பகுதி வயலிலேயே கிளம்பிவிடுகிறது.

எப்படி? உச்சி வெயிலில் நடவு வயலில் காலை வைத்தால் சேற்றிலிருந்து குமிழ் வருமே, அதில் மீத்தேன் என்கிற வாயு இருக்கிறது. தண்ணீர் தேங்கி நின்றால் மண்ணுக்குக் காற்று கிடைக்காது, மட்கும் நெல் தாளைத் தின்கிற நுண்ணுயிர்கள் இதைக் கக்கும், நெல் தண்டு வழியாகவும் வெளியேறும். நூறு வருசக் கணக்கில் இது அதே எடை கரியமில வாயுவைவிட 27 மடங்கு சூடேற்றும்.

அதனால் நெல்லை விட வேண்டாம், தண்ணீரை மட்டும் நிறுத்தி நிறுத்திக் கட்டுங்க. ஒரு அடி பிவிசி பைப்பில் கீழ்ப்பாதிக்கு ஓட்டை போட்டு, அந்தப் பாதி மண்ணுக்குள் போகிற மாதிரி பதித்து, உள்ளே இருக்கும் சேற்றை அள்ளிவிடுங்க. நட்டு ரெண்டு வாரம் கழித்து ஆரம்பிக்கலாம்: பைப்புக்குள் தண்ணீர் மண்மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே இறங்கினால் மட்டும் 5 செ.மீ. உயரத்துக்குப் பாய்ச்சுங்க. பூக்கும் சமயம், முன்னே ஒரு வாரம் பின்னே ஒரு வாரம், காய விடவே கூடாது. சரியாகச் செய்தால் மகசூல் குறையாது, மீத்தேன் பாதி வரைகூடக் குறையும். யூரியாவைத் தேங்கிய தண்ணீரில் வீசாமல், பாய்ச்சுவதற்குச் சற்று முன் போடுங்க.

ஆனால் ஆழியாறு தண்ணீர் முறை வைத்துத்தான் வருகிறது என்றால் இது கஷ்டம். போர்க்கிணறு இருந்தால்தான் நம்ம இஷ்டத்துக்குக் கட்ட முடியும்.

மாட்டு ஏப்பத்திலும் மீத்தேன்தான், உலகக் கணக்கில் நெல்லைவிடப் பெரிசு. அதற்காக விற்க வேண்டாம். வெறும் வைக்கோலோடு நிறுத்தாமல் பசுந்தீவனமும் அடர்தீவனமும் (புண்ணாக்கு, தவிடு மாதிரி) அளவாகக் கொடுத்தால் அதே மாடு கூடுதலாகக் கறக்கும், லிட்டருக்கு வாயு குறையும். சாணம் கோபர் கேஸுக்குப் போகட்டும்.

பைப் வைக்கும் முன் வரப்பில் நண்டு வளை இருந்தால் அடைச்சிடுங்க, இல்லேன்னா பக்கத்து வயல் தண்ணி கசிஞ்சு வந்து அளவே தப்பாகிடும்.