பிஜி சீட்டா, வீடா? குடும்பத்தோடு மேற்படிப்புக்குப் போகும் டாக்டர்களின் கேள்விகளும் பதில்களும்

கணவருக்குக் கோவையில் வேலை. மகளுக்கு மூன்று வயது. என் ரேங்குக்கு மதுரையிலோ சென்னையிலோ ஜெனரல் மெடிசின் வரலாம். கோவையிலேயே வேண்டும் என்றால் பேத்தாலஜிதான் (நோய்க்கூறியல்) வரும் போலிருக்கிறது. சாய்ஸ் பட்டியலில் எதை மேலே போடுவது?
– கோவை வாசகி

முதலில், கலந்தாய்வில் இடம் ஒதுக்கும் மென்பொருள் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். ரேங்க் வரிசையில் ஒவ்வொருவராக எடுத்து, அவரவர் பட்டியலை மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வரும். காலியாக இருக்கும் முதல் இடம் உங்களுக்கு. எட்டாத சீட்டை உச்சியில் போட்டால் கீழே உள்ளது கைநழுவும் என்ற பயம் பலருக்கு உண்டு. அதற்கு அடிப்படை இல்லை. உண்மையான ஆபத்து நேர்மாறானது. மனதார விரும்பாத ஒன்றை மேலே போட்டு அது வந்துவிட்டால், அந்தச் சுற்றில் அதற்குக் கீழே இருப்பது எதுவும் உங்களுக்கு இல்லை.

எனவே கல்லூரியையும் பாடத்தையும் தனித்தனியாக யோசிக்காமல், ‘மதுரை–மெடிசின்’, ‘கோவை–பேத்தாலஜி’ என்று ஒவ்வொரு ஜோடியையும் ஒரு வரியாக எழுதுங்கள். வரிக்குப் பக்கத்தில் மூன்று பதில்கள் வேண்டும்: குடும்பமே வீடு மாறுமா, நீங்கள் மட்டும் போகிறீர்களா, இரவில் பாப்பா யாரிடம். மூன்றாவதற்குப் பதில் எழுத முடியாத வரியை அடித்துவிடுங்கள். “பார்த்துக்கலாம்” என்பது பதில் ஆகாது.

இனி பாடம். படிப்பு மூன்று வருடம், தொழில் முப்பது வருடம். பேத்தாலஜியை விரும்பிப் படிப்பவர் நன்றாக இருப்பார். கோவை என்பதற்காக மட்டும் அதை எடுப்பவர், மூன்றாம் வருடம் மறுபடி நீட் பிஜி நுழைவுத்தேர்வுப் புத்தகத்தைத் திறக்க வாய்ப்பு அதிகம். அப்போது குழந்தைக்கு ஆறு வயது, பள்ளியும் தொடங்கியிருக்கும். எங்கள் கருத்தில் மெடிசின் மேலே இருக்கட்டும். ஆனால் போட்டி மெடிசினுக்கும் உங்களுக்குப் பிடித்த இன்னொரு கிளினிக்கல் பாடத்துக்கும் இடையே என்றால், வீட்டுக்கு அருகில் இருப்பதையே தயங்காமல் மேலே போடலாம்.

சுற்றுகளின் விதிகளும் குடும்பக் கணக்கில் சேரும். அகில இந்திய ஒதுக்கீட்டில் முதல் சுற்றில் கிடைத்த சீட்டில் சேராவிட்டால் தண்டனை இல்லை. இரண்டாம் சுற்றில் கிடைத்துச் சேராவிட்டால் வைப்புத்தொகை போய்விடும்: பொதுப்பிரிவுக்கு 25,000 ரூபாய், ஓபிசி, எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 10,000, நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கு 2 லட்சம். மிஞ்சிய இடங்களுக்கான கடைசி ‘ஸ்ட்ரே’ சுற்றில் கிடைத்ததை விட்டால் பணத்தோடு அடுத்த நீட் பிஜி எழுதும் உரிமையும் போகும். “சும்மா போட்டுப் பார்ப்போம்” என்பதெல்லாம் முதல் சுற்றோடு முடிந்துவிட வேண்டும்.

பலர் சறுக்கும் இடம் அப்கிரேடு, அதாவது அடுத்த சுற்றில் மேலான சீட்டுக்கு மாறுவது. முதல் சுற்றில் சேர்ந்து, சேரும்போது ‘அப்கிரேடுக்குச் சம்மதம்’ என்று எழுதிக் கொடுத்திருந்தால், இரண்டாம் சுற்றில் புதிய சீட் வந்தவுடன் பழையது தானாக ரத்தாகும். திரும்ப வாங்க முடியாது. ஆகவே இரண்டாம் சுற்றுப் பட்டியலில் பழைய பட்டியலை அப்படியே ஒட்டாதீர்கள். கையில் உள்ளதைவிட உண்மையிலேயே மேலானவை மட்டும் இருக்கட்டும், அவை இரண்டே வரியாக இருந்தாலும் சரி.

இன்னொன்று: கோவை அரசுக் கல்லூரியின் இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீட்டிலும் பாதி மாநில ஒதுக்கீட்டிலும் வரும்; இரண்டும் தனித்தனிக் கலந்தாய்வு. ஒன்றில் மட்டும் பதிவு செய்துவிட்டு, ஊர்க் கல்லூரி கிடைக்கவில்லையே என்று வருந்துபவர்கள் வருடா வருடம் உண்டு.

டியூட்டி எவ்வளவு கடுமை என்று கல்லூரியை நேரில் பார்க்காமல் எப்படித் தெரிந்துகொள்வது? கேட்டால் எல்லோரும் “ஹெக்டிக்” என்கிறார்கள்.
– திருச்சி வாசகர்

அந்த ஒரு வார்த்தையால் பயன் இல்லை. எண்களைக் கேளுங்கள்.

துறையில் எத்தனை யூனிட், அதாவது டாக்டர் குழு? ஆறு யூனிட் என்றால் உங்கள் யூனிட்டுக்குப் புதிய நோயாளிகளைச் சேர்க்கும் அட்மிஷன் டே மாதத்தில் ஐந்து முறை வரும். மூன்றே யூனிட் என்றால் பத்து முறை. அடுத்து, ஒரு யூனிட்டில் முதலாண்டு பிஜி எத்தனை பேர்? இருவர் இருந்தால் அந்த இரவுகளைப் பங்கிடலாம். ஒருவர் மட்டும் என்றால் எல்லா இரவும் அவருடையதே. இதோடு வார்டு இரவு, ஐசியு இரவு, காஷுவாலிட்டி (அவசரப் பிரிவு) முறை ஆகியவற்றைக் கூட்டுங்கள். மாதத்துக்கு எத்தனை இரவு என்ற ஒரே எண் கிடைக்கும். குடும்பத்துக்கு வேண்டியது அந்த எண்தான்.

அடுத்த கேள்வி அதைவிட முக்கியம்: இரவுப் பணி முடிந்த காலையில் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகிறீர்கள்? ஒன்பது மணி என்றால் 24 மணி நேர டியூட்டி. மாலை ரவுண்ட்ஸ் முடித்துத்தான் என்றால் 36 மணி நேரம். இரண்டுக்கும் ‘ஒரு நைட்’ என்றே பெயர். கைக்குழந்தை உள்ள வீட்டில் இந்தப் பன்னிரண்டு மணி நேரம் ஓர் ஆயாவின் கூடுதல் சம்பளம்.

தாளில் விதிகள் நன்றாகவே இருக்கின்றன. பயிற்சியில் உள்ள டாக்டர்களுக்கான மத்திய அரசின் 1992 ரெசிடென்சி திட்டம் ஒரே மூச்சில் 12 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்கிறது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிமுறை, பணி நெருக்கடிக்கு உட்பட்டு வாரம் ஒரு நாள் விடுமுறையும் ஆண்டுக்குக் குறைந்தது 20 நாள் தற்செயல் விடுப்பும் தருகிறது. நெருக்கடி இல்லாத நாள் எது என்பதைத் துறைத் தலைவர்தான் முடிவு செய்கிறார், அதையும் மனதில் வையுங்கள்.

இதையெல்லாம் கேட்க வேண்டியது இப்போதைய முதலாண்டு மாணவரிடம். இறுதியாண்டு மாணவர் முதல் வருடத்தை மறந்திருப்பார், அல்லது அதைப் பெருமையாகச் சொல்வார். முடிந்தால் குழந்தை உள்ள ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். அந்தத் துறையில் அப்படி ஒருவரும் இல்லை என்றால், அதுவும் ஒரு தகவல்.

ஐந்து மாதம் கர்ப்பம். சீட்டை அடுத்த வருடத்துக்குத் தள்ளி வைக்க முடியுமா? ரேடியாலஜி எடுத்தால் குழந்தைக்கு ஆபத்தா?
– சேலம் வாசகி

தள்ளி வைக்க வழி இல்லை. கிடைத்த சீட்டில் குறித்த தேதிக்குள் அசல் சான்றிதழ்களுடன் நேரில் போய்ச் சேர வேண்டும். சேர்ந்தபின் மகப்பேறு விடுப்பு உண்டு. அரசின் நடப்பு விதிகளின்படி அது தரப்பட வேண்டும் என்று 2023 விதிமுறை சொல்கிறது; ஆண்களுக்குத் தந்தைமை விடுப்பும் உண்டு. ஆனால் வருகைப்பதிவு 80 சதவீதம் வேண்டும். அனுமதித்த அளவைத் தாண்டிய விடுப்பு படிப்புக் காலத்தை நீட்டும். தேர்வும் உடன் சேர்ந்த தோழர்களோடு அமையாமல் தள்ளிப்போகலாம். சேரும் நாளிலேயே அலுவலகத்தில் இரண்டு கேள்வி: விடுப்பு எத்தனை நாள், அந்த நாட்களுக்கு ஸ்டைபெண்ட் (மாத உதவித்தொகை) உண்டா. நீட்டித்த காலத்துக்கு ஸ்டைபெண்ட் உண்டா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இங்கேதான் பிறகு தகராறு வருகிறது.

மாவட்ட மருத்துவமனைப் பயிற்சியையும் மறக்கக் கூடாது. எம்.டி., எம்.எஸ். மாணவர் எல்லோரும் மூன்றாம், நான்காம் அல்லது ஐந்தாம் பருவத்தில் (செமஸ்டர்) மூன்று மாதம் போக வேண்டும். உங்கள் கணக்குப்படி அப்போது குழந்தைக்குச் சுமார் ஒன்று முதல் இரண்டு வயது இருக்கும். எந்தப் பருவத்தில் போவது என்பதில் துறை பேச்சுக்கு இடம் கொடுக்கும். ஐந்தாம் பருவத்தைக் கேட்டுப் பாருங்கள்.

ரேடியாலஜியைக் கதிர்வீச்சுப் பயத்தால் ஒதுக்க வேண்டாம். அல்ட்ராசவுண்டிலும் எம்.ஆர்.ஐ.யிலும் அயனியாக்கும் கதிர்வீச்சு கிடையாது. சி.டி. அறிக்கை எழுதுபவர் எக்ஸ்ரே குழாய்க்குப் பக்கத்தில் நிற்பதில்லை. கவனம் வேண்டியது ஃப்ளூரோஸ்கோபியிலும் (தொடர் எக்ஸ்ரே), எக்ஸ்ரே பார்த்தபடி சிகிச்சை செய்யும் இன்டர்வென்ஷன் அறையிலும். கர்ப்பத்தைத் துறைக்கு எழுத்தில் அறிவித்தபின் மீதிக் காலம் முழுவதற்கும் கருவுக்கான கதிர்வீச்சு வரம்பு 1 மில்லிசீவர்ட். சாதாரணமாகக் கதிர்வீச்சுப் பணியாளருக்கு ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20. அறிவிக்காதவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. எனவே வெட்கப்படாமல் முதல் வாரமே கடிதம் கொடுத்து, கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ் வாங்கி, ஈய ஏப்ரனுக்கு உள்ளே மார்பில் அணியுங்கள். அந்த மாதங்களுக்கு அல்ட்ராசவுண்ட் போஸ்டிங் கேட்டால் பெரும்பாலும் மாற்றித் தருவார்கள். ரேடியாலஜியை விட்டு மயக்கவியலுக்குப் போவதா என்று யோசித்தால், அங்கேயும் மயக்க வாயுக் கசிவு என்ற கேள்வி இருக்கிறது. தியேட்டரில் வாயுவை வெளியேற்றும் ஸ்காவஞ்சிங் அமைப்பு வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

நானும் மனைவியும் டாக்டர்கள். இருவருக்கும் ஒரே கல்லூரி கிடைக்க ஏதாவது சலுகை உண்டா?
– நாகர்கோவில் வாசகர்

இல்லை. அமெரிக்க ரெசிடென்சியில் தம்பதி இருவர் பட்டியலையும் இணைத்துக் கொடுக்கும் முறை இருக்கிறது. இங்கே மென்பொருளுக்கு நீங்கள் இருவரும் அந்நியர்கள்.

செய்யக்கூடியது இதுதான். ரேங்க் குறைவாக வந்தவருக்கு எட்டக்கூடிய ஊர்களை முதலில் எழுதுங்கள். நல்ல ரேங்க் உள்ளவர் தன் பட்டியலை அந்த ஊர்களைச் சுற்றி அமைக்கட்டும். ஒரே கல்லூரிதான் வேண்டும் என்று நிற்காமல் ஒரே ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் இருவரும் வெவ்வேறு கல்லூரியில் இருந்தால் ஒரு வீடு போதும். முதல் சுற்று முடிவு வந்தபின் இருவரும் எங்கே நிற்கிறீர்கள் என்று பார்த்து, இரண்டாம் சுற்றுக்குப் பட்டியலை மாற்றுங்கள். இருவருமே இரவுப் பணி மிகுந்த பாடம் எடுத்தால், பெற்றோரில் ஒருவராவது உடன் வந்து தங்கினால் ஒழிய வீடு ஓடாது. மருத்துவமனைக் குழந்தைகள் காப்பகத்தை நம்பாதீர்கள். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பகம் வேண்டும் என்று சட்டம் இருந்தாலும், இரவு பத்து மணிக்கு அது திறந்திருப்பது அரிது.

ஊரிலேயே பெரிய தனியார் மருத்துவமனையில் டி.என்.பி. கிடைக்கும். 300 கிலோமீட்டர் தள்ளி அரசுக் கல்லூரியில் எம்.எஸ்., அதே பாடம். எது?
– ஈரோடு வாசகி

டி.என்.பி. என்பது தேசியத் தேர்வு வாரியம் தரும் மேற்படிப்புப் பட்டம். தகுதியில் இரண்டும் சமம். வேறுபாடு பயிற்சியில் இருக்கிறது. அரசு மருத்துவமனையில் கூட்டம் அதிகம். சர்ஜரி, ஆர்த்தோ, மகப்பேறு போன்றவற்றில் கத்தி கையில் ஏறுவது அங்கேதான். தனியார் மருத்துவமனையில் நோயாளி பணம் கட்டி, குறிப்பிட்ட கன்சல்டன்ட்டைத் தேடி வந்தவர். நீங்கள் உதவியாளராகவே நிற்க நேரலாம். அங்கே பயிலும் மூன்றாமாண்டு மாணவரிடம், “தனியாக எத்தனை சிசேரியன் செய்தீர்கள்?” என்று எண்ணாகக் கேளுங்கள். மெடிசின், மயக்கவியல், ரேடியாலஜியில் இந்த வேறுபாடு குறைவு. நல்ல தனியார் மருத்துவமனையில் கருவிகள் மேலாகவே இருக்கும்.

டி.என்.பி.யில் எல்லா விடுப்பும் சேர்த்து ஆண்டுக்கு 30 நாள். குழந்தைக்குக் காய்ச்சல் என்று அடிக்கடி எடுத்தால் ஆகஸ்டிலேயே தீர்ந்துவிடும். அறுவைப் பாடம் என்றால் 300 கிலோமீட்டர்; மற்றவை என்றால் ஊர்.

நிகர்நிலைப் பல்கலையில் வீட்டுக்குப் பக்கத்திலேயே இடம். மொத்தக் கட்டணம் 60 லட்சம், கடன் வாங்கலாமா?
– சென்னை வாசகர்

ஆண்டுக்கு 20 லட்சமாக மூன்று தவணை, வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம், ஆனால் தனிவட்டி ஏறிக்கொண்டே இருக்கும்: முதல் வருடம் 2 லட்சம், அடுத்து 4, பிறகு 6, காத்திருக்கும் வருடம் இன்னொரு 6. தவணை தொடங்கும்போது கடன் 78 லட்சம். பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 1,03,000. பதினைந்து வருடம் என்றால் சுமார் 84,000. புதிதாக எம்.டி. முடித்தவரின் சம்பளத்தில் பெரும்பகுதி. வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் வாழ்க்கைத்துணையின் சம்பளத்தில் முழுவதுமாக ஓடினால் மட்டும் யோசிக்கலாம்.

7.5 லட்சத்துக்கு மேல் வழக்கமாகச் சொத்து ஈடு கேட்பார்கள். திருமணமானவருக்கு இணைக் கடன்தாரராகக் கணவன் அல்லது மனைவி, பெற்றோர், மாமனார், மாமியார் யாரும் கையெழுத்திடலாம். ஈடு மாமனாரின் வீடு என்றால் அந்தப் பேச்சைக் கலந்தாய்வுக்கு முன்பே முடித்துவிடுங்கள். வருமான வரியில் கல்விக் கடனுக்கான கழிவு வட்டிக்கு மட்டும், எட்டு ஆண்டு வரை, பழைய வரிமுறையில்தான்.

அரசு சீட்டில் இந்தக் கடன் இல்லை, ஆனால் பாண்ட் உண்டு. மூன்று வருடம் முடிந்தபின் அரசு சொல்லும் ஊரில் வேலை. பல மாநிலங்களில் அதுவரை அசல் சான்றிதழ் அவர்களிடம். கால அளவும் அபராதமும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அகில இந்தியக் கலந்தாய்வை நடத்தும் மருத்துவக் கலந்தாய்வுக் குழுவின் (எம்.சி.சி.) தளத்தில் ஒவ்வொரு கல்லூரியின் பக்கத்திலும் கட்டணம், ஸ்டைபெண்ட், பாண்ட் விவரம் இருக்கும். அதில் போட்டிருக்கும் ஸ்டைபெண்டும் மாணவர் வங்கிக் கணக்கில் ஏறுவதும் ஒன்றா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கணவர் பெங்களூருவில். நான் தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். அங்கே ஸ்டேட் கோட்டா கிடைக்குமா?
– ஓசூர் வாசகி

கணவரின் வேலையை வைத்துக் கிடைக்காது. குடியிருப்பை மட்டும் அடிப்படையாக வைத்து பிஜி இட ஒதுக்கீடு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 29 அன்று தீர்ப்பளித்தது. ஆனால் படித்த நிறுவனத்தின் அடிப்படையிலான முன்னுரிமையை அது விட்டுவைத்திருக்கிறது. உங்களுக்கு உள்ள முக்கிய வழிகள்: அகில இந்திய ஒதுக்கீடு, நிகர்நிலை, டி.என்.பி. மகன் பள்ளி வயதில் இருந்தால், அங்கே கன்னடம் பாடமாக வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அது விளையாட்டு, எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு டியூஷன்.

விடுதியில் தங்கியே ஆக வேண்டுமா?
– பல வாசகர்கள்

வேண்டாம். தங்குமிடம் தருவது கல்லூரியின் கடமை, அதில் தங்குவது மாணவருக்குக் கட்டாயம் இல்லை என்று 2023 விதிமுறையில் தெளிவாக இருக்கிறது. விடுதிக் கட்டணத்தைக் கட்டணப் பட்டியலோடு சேர்த்திருந்தால் இந்த விதியைக் காட்டி எழுத்தில் கேளுங்கள். வீடு பார்க்கும்போது மருத்துவமனையிலிருந்து பத்து நிமிட நடைக்குள் பாருங்கள், வாடகை மூவாயிரம் கூடினாலும் சரி. குழந்தைக்கு இரவு இரண்டு மணிக்கு வாந்தி என்றால், மாற்று ஆளை நிற்க வைத்துவிட்டு ஓடி வந்து பார்த்துவிட்டுத் திரும்பலாம்.