முதலில் புகார்தாரராக அவர் பெயர் ஏறட்டும்

கேள்வி: திருவாரூர் மாவட்டத்தில் சொந்த நிலமும் குத்தகை நிலமுமாக 20 ஏக்கரில் சம்பா சாகுபடி செய்கிறேன். மூன்று ஆண்டுகளாக நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்து ஒரு குழு வருகிறது. என் களத்துக் கொட்டகையில்தான் 18 பேரும் தங்குகிறார்கள். இந்த முறை ஊரில் இரண்டு பம்புசெட்டுகளில் கேபிள் திருடு போனது. போலீஸார் இரவு பத்து மணிக்கு வந்து, இவர்களில் ஐந்து பேரை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போய் விடியற்காலையில் விட்டார்கள். எதுவும் கிடைக்கவில்லை. பத்து நாள் கழித்துக் கொட்டகைக்குள்ளிருந்தே ஓர் இளைஞரின் செல்போனும், வீட்டுக்கு அனுப்ப வைத்திருந்த 6,000 ரூபாயும் திருடு போயின. புகார் கொடுக்கலாம் என்றால், "போலீஸ் வேண்டாம் பாபு" என்று கையெடுத்துக் கும்பிடுகிறார். ஊர் இளைஞர்களோ ராக்காவல் என்று கம்புகளோடு வந்து கொட்டகையைச் சோதனை போடுகிறார்கள். இவர்களுக்கும் போலீஸுக்கும் நடுவே கொஞ்சமாவது நம்பிக்கை வர நான் என்ன செய்யலாம்?

பதில்: செல்போனிலிருந்து தொடங்குவோம். கேபிள் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அந்த இளைஞரை எப்படியாவது புகார் கொடுக்க வையுங்கள். 34 ஆண்டு காக்கி உடுத்தி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒருவர் பெயர் ஸ்டேஷனில் முதன்முதலாக எந்தப் பதிவேட்டில் ஏறுகிறதோ, அதை வைத்துத்தான் அவருக்கும் எங்களுக்குமான உறவு அமைகிறது. உங்கள் ஆட்கள் ஐந்து பேர் ஏற்கெனவே சந்தேகக் கணக்கில் ஏறிவிட்டார்கள். அவர்களில் ஒருவராவது புகார்தாரர் என்று ஏறினால்தான் அந்தக் கணக்கு நேராகும். சால்வை போர்த்தி, பேனர் கட்டி நடத்தும் நல்லுறவுக் கூட்டங்களால் இது நடக்காது. அப்படிப்பட்ட கூட்டங்கள் பலவற்றில் மேடையில் உட்கார்ந்திருக்கிறேன். காபி நன்றாக இருக்கும்.

புகார் எழுதும்போது ஒரு சொல்லில் கவனம் வேண்டும். "காணாமல் போய்விட்டது என்று எழுதிக் கொடுங்கள், சீக்கிரம் முடியும்" என்று எழுத்தர் சொல்லக்கூடும். அப்படி எழுதினால் அது குற்றமே இல்லை, வெறும் தொலைப்பு. "நாங்கள் தங்கியிருக்கும் கொட்டகைக்குள்ளிருந்து திருடு போனது" என்றே எழுதுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் சட்டங்களின்படி, 5,000 ரூபாய்க்குக் குறைந்த சாதாரணத் திருட்டை மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸார் புலனாய்வு செய்ய முடியாது. மனிதர் குடியிருக்கும் கட்டடத்தில் நடந்த திருட்டுக்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 305 என்று தனிப் பிரிவு இருக்கிறது; ஏழு ஆண்டு வரை தண்டனை. கூரைக் கொட்டகையானாலும் 18 பேர் சமைத்துத் தூங்கும் இடம் குடியிருப்புதான். போனின் விலையையும் பணத்தையும் தனித்தனியே குறிப்பிடுங்கள்.

சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் கொடுத்து அனுப்பப் பார்ப்பார்கள். அது மனு வந்து சேர்ந்ததற்கான அத்தாட்சி, அவ்வளவுதான். நீங்கள் கேட்க வேண்டியது முதல் தகவல் அறிக்கை. போலீஸார் நேரடியாகப் புலனாய்வு செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகப் புகாரிலேயே தெரிந்தால் வழக்குப் பதிந்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-இல் சொல்லிவிட்டது. நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பதும் சட்டம். போனின் ஐ.எம்.இ.ஐ. எண் 15 இலக்கம்; பெட்டியிலோ பில்லிலோ இருக்கும். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணைக் கொடுத்துப் போனை முடக்கலாம். அதற்கும் போலீஸ் புகாரின் நகலைக் கேட்பார்கள். இளைஞரிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். நம்பிக்கை பற்றிய உபதேசத்தைவிட, "எடுத்தவன் கையில் அந்தப் போன் வேலை செய்யாது" என்ற செய்தி அவரை ஸ்டேஷன் படி ஏற்றும்.

மொழிபெயர்க்க மேஸ்திரியைக் கூட்டிப் போகாதீர்கள். பெரும்பாலும் அவரிடம்தான் இவர்கள் முன்பணம் வாங்கியிருப்பார்கள். அவர் முன்னால் பணம் பற்றி வாய் திறக்க மாட்டார்கள். திருடியவர் குழுவுக்குள்ளேயே இருந்தால் நிச்சயமாகத் திறக்க மாட்டார்கள். நீங்களும் மொழிபெயர்ப்பாளராக வேண்டாம். கூலி கொடுப்பவர் நீங்கள். உங்கள் மாவட்டத்திலேயே, நீலக்குடியில் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நாட்டின் பல மாநிலங்களிலிருந்தும் மாணவர்கள் வந்து படிக்கும் இடம். அங்கே வங்காளம் பேசும் ஒருவரைத் தேடிப் பிடிப்பது பெரிய காரியமில்லை. ஸ்டேஷனிலும் இதைச் சொல்லி வையுங்கள். "எங்களிடம் இந்தி தெரிந்த காவலர் இருக்கிறார்" என்பார்கள். வங்கக் கிராமத்து மனிதருக்கு இந்தி அரைகுறைதான். தஞ்சாவூரில் மராத்தியும், கும்பகோணத்து நெசவாளர் வீடுகளில் சௌராஷ்டிரமும், மெலட்டூர் பாகவத மேளாவில் தெலுங்கும் கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்கள் நாம். விந்திய மலைக்கு அப்பாலிருந்து வருகிற எல்லாரையும் 'இந்திக்காரர்' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவது நமக்கு அழகில்லை.

இனி அந்த இரவு. சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்றால் எழுத்து மூலம் அழைக்க வேண்டும் என்கிறது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179-ஆம் பிரிவு. பெண்களையும், 15 வயது நிரம்பாத அல்லது 60 வயதைக் கடந்த ஆண்களையும், மாற்றுத்திறனாளிகளையும் அவர்கள் இருப்பிடத்தில்தான் விசாரிக்க வேண்டும். சந்தேக நபர் என்றால், கைது தேவைப்படாத நிலையில் 35-ஆம் பிரிவின்படி நோட்டீஸ். இரவு பத்து மணிக்கு ஐந்து பேரை வண்டியில் ஏற்றியது இந்த இரண்டிலும் சேராது.

ஆனால் ஸ்டேஷனுக்குப் போய் முதல் வாக்கியமாகவே இதை எடுத்து வீசாதீர்கள். யாருக்காவது அடி விழுந்திருந்தால் பேச்சே வேறு: உடனே அரசு மருத்துவமனை, விபத்துப் பதிவேட்டில் காயங்களின் குறிப்பு, பிறகு எஸ்.பி.க்கும் மாநில மனித உரிமைகள் ஆணையத்துக்கும் மனு. அடி இல்லையென்றால், இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்துக்கு ஓடாத ஒரு காலை நேரமாகப் பார்த்து, கட்சிக்காரர் யாரையும் கூட்டிக்கொள்ளாமல் போங்கள். "இனி இவர்களில் யாரையாவது விசாரிக்க வேண்டுமானால் நோட்டீஸ் கொடுங்கள், பகலில் நானே அழைத்து வருகிறேன்" என்று எழுதிக் கொடுத்து, அதற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலான இன்ஸ்பெக்டர்களுக்கு இது நிம்மதியாகவே இருக்கும். ஆள் ஓடிவிடுவானோ என்ற பயத்தில்தான் பாதி இரவு வேட்டைகள் நடக்கின்றன.

மீதிப் பாதிக்குக் காரணம் ஊர்தான். திருட்டு நடந்தால் "யாரையாவது பிடித்தீர்களா?" என்று மாலைக்குள் பத்து பேர் கேட்பார்கள். கை போகிற இடம் புதுமுகம். என் காலத்தில் பஸ் நிலையத்தை ஒட்டி நரிக்குறவர் கூடாரம் போட்டிருந்தால் முதலில் அங்கே போவோம். இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. பிறப்பை வைத்தே ஒரு கூட்டத்தைக் குற்றவாளிகள் என்று பதிவு செய்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-இல் வட இந்தியாவில் தொடங்கி, பிறகு இங்கும் வந்து, சென்னை மாகாணத்தில் 1947-இல் ஒழிந்தது. நான் வேலைக்குச் சேர்ந்தது அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்து. ஆனாலும் எங்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்த ஏட்டையாக்களின் வாயில் அந்தச் சட்டம் உயிரோடுதான் இருந்தது.

கேபிள் திருட்டையே யோசித்துப் பாருங்கள். எந்த மோட்டாருக்கு ராத்திரியில் ஆள் வராது, எந்த வரப்பில் நாய் இல்லை, உரித்த செம்பை எந்தக் கடை கேள்வி கேட்காமல் எடைக்கு வாங்கும் என்பதெல்லாம் தெரிந்தவர் செய்யும் வேலை இது. வண்டியும் இல்லாமல், மொழியும் தெரியாமல், விடிந்ததும் சேற்றில் இறங்க வேண்டிய மனிதருக்கு இதில் எது தெரியும்? செம்பு விற்ற இடத்திலிருந்து பின்னோக்கி வருவதுதான் புலனாய்வு. கேபிள் பறிகொடுத்த விவசாயிகள் இருவரையும் இன்ஸ்பெக்டரிடம் இதைக் கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் கேட்டால் உங்கள் ஆட்களுக்கு வக்காலத்து ஆகிவிடும்.

உங்களுக்குக் கசக்கக்கூடிய ஒன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் ஊரில் சந்தேகத்துக்கு அடியில் கேபிள் மட்டும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வங்கக் குழு ஏக்கர் கணக்கில் பேசி, வரிசையாக நட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுகிறது. அதே வயலில் தலைமுறையாக நாற்று பறித்து நட்ட காலனித் தெருப் பெண்களுக்கு அந்த நாள்களின் கூலி போய்விட்டது. கீழத் தஞ்சையில் 'வெளியூர் ஆள்' என்பது சாதாரணச் சொல் இல்லை. கூலி உயர்வு கேட்டவர்களுக்குப் பதிலாக வெளி ஆட்களை இறக்கியதும் சேர்ந்து மூண்ட பகைதான், 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் எரித்தது. போலீஸ் என்றால் மிராசுதாரின் ஆள் என்ற எண்ணம் அந்தத் தெருக்களில் அன்று ஊறியது. இன்னும் முழுதாக வற்றவில்லை. இப்போது நீங்கள் உங்கள் காரில் போய் இன்ஸ்பெக்டரைப் பார்த்து, உங்கள் ஆட்களுக்குப் பாதுகாப்பு வாங்கி வந்தால் காலனித் தெருவிலிருந்து அது எப்படித் தெரியும்? பழைய படமேதான்.

அதனால் தனியாகப் போகாதீர்கள். காலனித் தெருவின் வார்டு உறுப்பினரையோ, விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் இருப்பவரையோ முதலில் போய்ப் பாருங்கள். வீட்டுக்கு வரச் சொல்லாமல் நீங்களே போங்கள். நாற்று பறி, களை எடுப்பு போன்ற வேலைகளில் எது உள்ளூர்ப் பெண்களுக்கு என்று இந்தப் பருவத்துக்கே பேசி முடியுங்கள். அவர்களுக்கும் ஸ்டேஷனில் கிடக்கிற பழைய மனு ஒன்று இருக்கும், எப்போதும் இருக்கும். அதையும் சேர்த்தே இன்ஸ்பெக்டரிடம் எடுத்துப் போங்கள். இரண்டு தரப்பும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து மனு கொடுக்கும் காட்சி, ஸ்டேஷனுக்கும் ஊருக்கும் ஒரே நேரத்தில் செய்தி சொல்லும்.

ராக்காவல் இளைஞர்கள் விஷயத்தில் தயங்க வேண்டாம். கண்காணிக்கலாம், விசில் ஊதலாம், 112-ஐ அழைக்கலாம். இன்னொருவர் தங்கியிருக்கும் இடத்துக்குள் நுழைந்து பையைக் கொட்டிப் பார்க்க அவர்களுக்கு அதிகாரமில்லை, அது அத்துமீறல். நல்ல நோக்கத்தோடு தொடங்கியதே கெட்டுப்போன கதை நம்மிடம் இருக்கிறது. 1993-இல் ராமநாதபுரம் மாவட்டத்தில், மக்களுக்கும் காவல் துறைக்கும் பாலமாகத் தொடங்கப்பட்டது போலீஸ் நண்பர்கள் குழு. 2020-இல் சாத்தான்குளத்தில் போலீஸ் பிடியில் அடிபட்ட தந்தையும் மகனும் மாண்டபோது அந்தக் குழுவின் மீதும் புகார் எழுந்து, அரசு அதைத் தற்காலிகமாகத் தடை செய்ய வேண்டியதாயிற்று. சீருடை இல்லாத கையில் லத்தியைக் கொடுத்தால் பாலம் அப்படித்தான் முடியும்.

அடுத்த பருவத்துக்கு ஒரு ஏற்பாடு. குழு வந்து இறங்கிய வாரத்திலேயே பெயர், ஊர், வீட்டுத் தொலைபேசி எண் கொண்ட பட்டியலை ஸ்டேஷனில் கொடுங்கள். எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்பதை அவர்கள் மொழியில் சொல்லிவிட்டுக் கொடுங்கள். விபத்தோ பாம்புக்கடியோ நேர்ந்தால் ஊருக்குத் தகவல் சொல்லவும் அது வேண்டும். ஆதார் அட்டையின் அசலை நீங்களும் வாங்கி வைக்காதீர்கள், மேஸ்திரியையும் வாங்க விடாதீர்கள். பட்டியலுக்குப் பதிலாக ஸ்டேஷனிலிருந்து ஒன்று வாங்குங்கள்: ஒரு காவலரின் பெயரும் எண்ணும். அவர் தனிப்பிரிவு ஏட்டாக இருக்க வேண்டாம்; அவர் வேலையே தகவல் சேகரிப்பது, அவரிடம் யாரும் மனம்விட்டுப் பேச மாட்டார்கள். ரோந்து வருகிற பீட் காவலர் போதும். நடவு இல்லாத ஒரு நாளில், பகலில், கொட்டகைக்கு வந்து பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போகட்டும். 2023 மார்ச்சில், பிகார் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவியபோது காவல் துறைத் தலைவரே வீடியோவில் தோன்றி மறுத்தார். அதோடு நில்லாமல் பல ஊர்களில் காவலர்கள் தங்குமிடங்களுக்கே போய் இந்தியில் பேசி, எண் கொடுத்துவிட்டு வந்தார்கள். முகம் தெரிந்தவர் சொன்னால்தான் அந்த மாதிரி நேரத்தில் காதில் ஏறும்.

இத்தனைக்குப் பிறகும் வழக்குப் பதிய மறுத்தால் புகாரை ஸ்பீட் போஸ்ட்டில் எஸ்.பி.க்கு அனுப்புங்கள், நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவே அந்த வழியைத் தருகிறது. அங்கும் நகரவில்லை என்றால் மாஜிஸ்திரேட். வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அழைக்கலாம்.

ஒன்றை மறந்துவிடப் போகிறேன். முதல் தகவல் அறிக்கையில் அந்த இளைஞரின் பெயரையும் அப்பா பெயரையும் ஆதாரில் இருக்கிறபடி எழுத்துக்கூட்டி எழுதச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடும் முன் பல்கலைக்கழக மாணவர் ஒருமுறை படித்துக் காட்டட்டும். வங்காளப் பெயர்கள் நம் எழுத்தர்கள் கையில் படாத பாடு படும். நாளைக்கே போன் கிடைத்துவிட்டாலும், பெயர் பொருந்தவில்லை என்றால் அதைத் திரும்ப வாங்குவதற்குள் அவர் ஊருக்கு ரயில் ஏறியிருப்பார்.