கிளாப்பழத்தில் பால் வடிகிறதே, பிள்ளைகள் சாப்பிடலாமா?

கேள்வி: வெல்லாவெளிப் பக்கம் எங்கள் வயலை ஒட்டிய காட்டில் கிளா நிறைய நிற்கிறது. பிள்ளைகள் பழத்தை ஆசையாகத் தின்கிறார்கள். காம்பில் பால் வடிவதைப் பார்க்கப் பயமாக இருக்கிறது. சாப்பிடலாமா? அதைப் பிடுங்கி வந்து களுவாஞ்சிகுடியில் உள்ள மணல் வளவுக்கு வேலியாக வைத்தால் பிடிக்குமா?

பதில்: நன்றாகப் பழுத்த கிளாப்பழத்தைத் தாராளமாகச் சாப்பிடலாம். உங்கள் பயத்திலும் நியாயம் இருக்கிறது. கிளா அலரிக் குடும்பத்துச் செடி. அலரியும் மஞ்சள் அலரியும் உயிரையே பறிக்கக் கூடியவை. கிளாவிலும் வேரைப் பிள்ளைகள் கடிக்க விடாதீர்கள், அதில் இதயத்தைத் தாக்கும் பொருள்கள் உண்டு.

பழத்தைப் பறிக்கும் பக்குவம்தான் முக்கியம். காய் பச்சையிலிருந்து சிவந்து, பிறகு கறுக்கும். சிவப்பில் பறித்தால் காம்புக் குழியில் வெள்ளைத் துளி ஒன்று உருண்டு நிற்கும், தின்றால் உதடெல்லாம் பசை. முழுக்கக் கறுத்து, விரல் பட்டதும் கழன்று வருகிற பழத்தில் பால் மிகக் குறைவு. அதைக் கழுவிக் கொடுங்கள். பச்சைக் காயை ஊறுகாய்க்கு வைத்துக்கொள்ளலாம்.

நீங்கள் பயப்படுகிற அந்தப் பால்தான் கிளாவை அடையாளம் காட்டவும் உதவுகிறது. மருக்காரை என்ற காட்டுச் செடிக்கும் கிளாவைப் போலச் சோடி முள் உண்டு, ஆனால் கிள்ளினால் பால் வராது. அதன் காய் பெரிது, பழுத்தால் மஞ்சளாகும். அந்தக் காயை இடித்து நீரில் கலந்து மீனை மயக்கிப் பிடிப்பார்கள், வாயில் வைக்கக் கூடாது. கிளாவின் இலை எதிரெதிராக, தடிப்பாக, மினுங்கலாக இருக்கும், வருடம் முழுவதும் பச்சை. பூ வெள்ளை, மல்லிகை போல மணக்கும்.

சரி, வேலிக்கு வருவோம். காட்டுச் செடியைப் பிடுங்க வேண்டாம். ஆணிவேர் அறுந்து பெரும்பாலும் பட்டுவிடும். அரசு ஒதுக்கிய காடாக இருந்தால் சட்டப்படியும் குற்றம். விதையில் போடுங்கள். கறுத்த பழத்தைப் பிசைந்து, சதை போகக் கழுவி, ஒரு நாள் நிழலில் உலர்த்தி, அந்தக் கிழமையிலேயே ஊன்ற வேண்டும். கிளா விதை வைத்திருந்தால் முளைப்புத் திறனை விரைவில் இழந்துவிடும். இதில்தான் பலர் தவறுகிறார்கள். பொலித்தீன் பையில் மணலும் மாட்டெருவும் கலந்து, அரை அங்குல ஆழத்தில் வையுங்கள்.

கன்று ஒரு அடி வளர்ந்ததும், ஐப்பசி மழை தொடங்கும்போது இரண்டடிக்கு ஒன்றாக நடுங்கள். மாரி முழுவதும் மழையே தண்ணீர் பார்த்துக்கொள்ளும். அடுத்த கோடைக்கு மட்டும் நீங்கள் ஊற்ற வேண்டும். அதற்குப் பிறகு மணல் வளவென்றாலும் தாக்குப்பிடிக்கும். நல்ல வெயில் படும் இடமாகப் பாருங்கள், நிழலில் காய்ப்பு குறையும். பழத்துக்கு மூன்று வருடமாவது பொறுக்க வேண்டும்.

வேலி அழகாக நிற்க வேண்டுமென்று அடிக்கடி கத்தி வைத்தால் பழம் கிடைக்காது, ஏனென்றால் பூ கிளை நுனியில்தான் வருகிறது. காய்ப்பு முடிந்த பிறகு ஒரு தரம் வெட்டுங்கள். வெட்டிய கிளைகளை அன்றைக்கே கூட்டி அள்ளிவிடுங்கள், காய்ந்த கிளா முள் செருப்பையும் துளைத்துக்கொண்டு ஏறும்.