கேள்வி – பதில்: 36 பேர் விட்டுவந்த தீவு

சென்ற இதழில் ஆளில்லாத ஊர்களைப் பற்றிய ஒரு பதிலில், ஸ்காட்லாந்தின் செயின்ட் கில்டா தீவை ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டேன். 1930-இல் அந்தத் தீவின் மக்கள் மொத்தமாக ஊரைக் காலி செய்துவிட்டுப் போனார்கள் என்பதுதான் அந்த வரி. அதைப் பிடித்துக்கொண்டு நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் என்பதால் இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே.

செயின்ட் கில்டா எங்கே இருக்கிறது? அங்கே போய் மனிதர்கள் ஏன் குடியிருந்தார்கள்?
— கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையைத் தாண்டி அவுட்டர் ஹெப்ரிடீஸ் என்று ஒரு தீவு வரிசை இருக்கிறது. அதையும் தாண்டி அட்லாண்டிக்கில் சுமார் 64 கி.மீ. போனால் செயின்ட் கில்டா. எரிமலை ஒன்றின் மிச்சம்தான் இந்தத் தீவுக் கூட்டம். ஹிர்டா, சோய், போரரே, டூன் என்று நான்கு தீவுகள், அவற்றைச் சுற்றிக் கடலிலிருந்து நெட்டுக்குத்தாக எழும் பாறைத் தூண்கள். அவற்றில் உயரமான ஸ்டாக் அன் ஆர்மின் 196 மீட்டர். ஹிர்டாவில் இருக்கும் கோனாஹேர் மலை 430 மீட்டர் உயரம். அதன் ஒரு பக்கம் அப்படியே வெட்டிவிட்டதுபோல் கடலில் இறங்குகிறது. பிரிட்டனிலேயே உயரமான கடற்பாறைச் சுவர் அதுதான்.

ஏன் குடியிருந்தார்கள் என்றால், பறவைகளுக்காக. அந்தப் பாறைகளில் கேனட், ஃபுல்மார், பஃபின் என்று கடற்பறவைகள் லட்சக்கணக்கில் வந்து முட்டையிடுகின்றன. மரம் கிடையாது, பயிர் செய்ய நல்ல மண்ணும் கொஞ்சம்தான், ஆனால் கோடையில் சாப்பாடு தானாகப் பறந்து வந்து இறங்கும். அதை நம்பி மனிதர்கள் பல நூற்றாண்டுகள் அங்கே வாழ்ந்திருக்கிறார்கள். பேசிய மொழி கேலிக், ஸ்காட்லாந்தின் பழைய மொழி.

பறவையைத் தின்றே ஒரு ஊர் பிழைத்தது என்பது நம்பும்படியாக இல்லையே. மீன் பிடிக்கவில்லையா?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

மீனும் பிடித்தார்கள், ஐயா. ஆடு மாடு இருந்தது, பார்லியும் ஓட்ஸும் உருளைக்கிழங்கும் கொஞ்சம் விளைந்தன. ஆனால் அந்தக் கடலில் படகு இறக்கக்கூடிய நாட்கள் குறைவு, காற்றில் அடித்து வரும் உப்பு பயிரைக் கருக்கிவிடும். அதனால் பறவைதான் முக்கிய உணவு.

ஆண்கள் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு பாறைச் சுவரில் வெறுங்காலோடு இறங்குவார்கள். பழைய காலத்துக் கயிறு குதிரை முடியில் திரித்து, மேலே மாட்டுத்தோல் சுற்றியது. ஒரு குடும்பத்தின் பெரிய சொத்தே அந்தக் கயிறுதான், அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும். ஃபுல்மாரைப் பிடிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. யாராவது கிட்டே போனால் அது வயிற்றிலிருந்து நாற்றமெடுத்த எண்ணெயைத் துப்பிவிடும். அந்த எண்ணெய்தான் விளக்குக்கும் வேண்டும், மருந்துக்கும் வேண்டும். ஆகவே துப்புவதற்குள் சட்டென்று பிடித்தாக வேண்டும். தீவின் சொந்தக்காரர்களான மெக்லியோட் குடும்பத்துக்குக் குத்தகையாகக் கொடுத்ததில் பறவை இறகும் இந்த எண்ணெயும் அடக்கம்.

பிடித்ததைக் கெடாமல் வைக்க அவர்கள் கண்டுபிடித்த ஏற்பாடுதான் எனக்கு எல்லாவற்றையும்விட வியப்பு. 'கிளீட்' என்பார்கள். சாந்து பூசாமல் கல்லை அடுக்கி எழுப்பிய சின்ன அறை, மேலே பலகைக்கல், அதன்மேல் புல்லோடு வெட்டியெடுத்த மண். தூரத்திலிருந்து பார்த்தால் வைக்கோல் போரைக் கல்லால் கட்டியது மாதிரி இருக்கும். கல் இடுக்குகள் வழியாகக் காற்று புகுந்து வெளியே போய்க்கொண்டே இருக்கும், மழைத்தண்ணீர் உள்ளே வராது. இறைச்சி, முட்டை, இறகு, கயிறு, எரிப்பதற்கான காய்ந்த புல்மண் கட்டி எல்லாம் அதற்குள்தான். ஹிர்டாவில் மட்டும் இப்படி 1,200-க்கு மேல் இருக்கின்றன.

அந்தத் தீவில் ஆண்கள் தினமும் 'பார்லிமென்ட்' கூட்டினார்களாமே?
— வாசகர், கோயம்புத்தூர்

ஆமாம், ஞாயிறு தவிர எல்லா நாளும். பேர் மட்டும்தான் பெரிசு. காலையில் ஜெபம் முடிந்ததும் வளர்ந்த ஆண்கள் எல்லோரும் தெருவில் கூடி இன்றைக்கு என்ன வேலை என்று முடிவு செய்வார்கள். தலைவர் கிடையாது, விதிமுறை கிடையாது. சில நாள் பேச்சு முடியவே முடியாது. வெளியூரிலிருந்து வந்தவர்கள் இதைப் பார்த்துச் சோம்பேறிகள் என்று எழுதிவைத்தார்கள். அந்தக் கணிப்பை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு கயிற்றின் மேல்முனையைப் பிடிப்பவர் யார், கீழே தொங்கப்போவது யார், இன்றைக்குக் காற்று எப்படி என்று எல்லோரும் ஒத்துக்கொள்ளாமல் அங்கே ஒரு வேலையும் செய்ய முடியாது. பாறைப் பகுதிகளைக் குடும்பங்களுக்குச் சீட்டுப் போட்டுப் பிரித்தார்கள், நல்ல பாறை ஒரே வீட்டுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக. பிடித்த பறவைகளையும் குவித்துப் பங்கு போட்டார்கள். பாறையில் இறங்க முடியாதவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

கூடவே இன்னொரு பக்கமும் உண்டு. 1865-லிருந்து 1889 வரை அங்கே இருந்த பாதிரியார் ஞாயிறு ஓய்வுநாள் ஒழுங்கை மிகக் கடுமையாக நடத்தினார். பஞ்ச காலத்தில் உணவோடு வந்த கப்பல் சனிக்கிழமை சேர்ந்தும், ஞாயிறு ஆராதனைக்குத் தயாராக வேண்டும் என்று சொல்லி, திங்கட்கிழமைதான் சரக்கை இறக்கினார்கள். பழைய பாட்டும் ஆட்டமும் பெரும்பாலும் அந்தக் கெடுபிடியில் போயின. பெரிய இழப்பு அது.

ஆபத்து என்றால் வெளியுலகுக்கு எப்படிச் சொல்வார்கள்?
— வாசகி, ஈரோடு

வெகுகாலம் வழியே இல்லை. 1727 ஆகஸ்டில் மூன்று ஆண்களும் எட்டுச் சிறுவர்களும் பறவை பிடிக்க ஸ்டாக் அன் ஆர்மின் பாறைக்குப் போனார்கள். சில நாளில் படகு வந்து கூட்டிப் போக வேண்டும். வரவில்லை. ஹிர்டாவில் பெரியம்மை பரவி, படகைச் செலுத்த ஆளில்லாமல் போய்விட்டது. அந்தப் பதினொரு பேரும் குளிர்காலம் முழுக்க அந்தப் பாறையிலேயே பறவையும் மீனும் தின்று உயிர் பிழைத்து, அடுத்த ஆண்டு மே மாதம்தான் மீட்கப்பட்டார்கள். ஊருக்குத் திரும்பினால் ஊரில் பெரும்பாலோர் இல்லை. ஸ்டாக் அன் ஆர்மினின் படத்தை ஒருமுறை பாருங்கள், அங்கே ஒரு இரவு தங்குவதையே நினைக்க முடியாது.

1877-இல் ஓர் ஆஸ்திரியக் கப்பல் உடைந்து அதன் மாலுமிகள் தீவில் மாட்டிக்கொண்டபோது, அங்கே தங்கியிருந்த பத்திரிகையாளர் ஒருவர் கடிதத்தை மிதவையில் கட்டிக் கடலில் விட்டார். அது ஆர்க்னித் தீவுகளில் கரை சேர்ந்து மீட்புக் கப்பலும் வந்தது. அப்புறம் தீவுக்காரர்களே அதைப் பழக்கமாக்கிக்கொண்டார்கள். படகு மாதிரி ஒரு மரத்துண்டைக் குடைந்து உள்ளே கடிதம் வைத்து, மிதவைக்கு ஆட்டின் மூத்திரப்பையை ஊதிக் கட்டி, வடமேற்குக் காற்று வீசும் நாளில் விடுவார்கள். பல கடிதங்கள் ஸ்காட்லாந்துக் கரைக்கே வந்தன, சில நார்வே வரைக்கும் போயிருக்கின்றன.

இவ்வளவு திறமையாக வாழ்ந்தவர்கள் ஏன் கிளம்பினார்கள்? அரசாங்கம் துரத்தியதா?
— வங்கி ஊழியர், திருச்சி

துரத்தவில்லை. அவர்களே கேட்டார்கள். 1930 மே மாதம் எங்களை வெளியே கொண்டுபோங்கள் என்று அரசுக்கு மனு எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

இயற்கையை எதிர்த்து நிற்க முடியாமல் தோற்றுப் போனார்கள் என்று பலரும் எழுதுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அதே காற்றையும் கடலையும் அவர்கள் தாத்தாக்களும் பார்த்தவர்கள்தான். குறைந்தது கைகள். 1852-இல் 36 பேர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறினார்கள், அதில் பலர் வழியிலேயே இறந்தார்கள். பிறந்த குழந்தைகள் ஒரு வாரத்துக்குள் ஜன்னி கண்டு சாவது பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. அது தொப்புள்கொடி வழியாக வரும் டெட்டனஸ். அங்கஸ் ஃபிடஸ் என்ற பாதிரியார் கிளாஸ்கோவுக்குப் போய்ச் சுத்தமாகப் பிரசவம் பார்க்கும் முறையைக் கற்றுவந்த பிறகுதான், 1890-களில் அது நின்றது. எத்தனை தாய்மார்கள் அதற்குள் எத்தனை பிள்ளைகளைப் புதைத்திருப்பார்கள்! முதல் உலகப்போரில் கடற்படையினர் அங்கே தங்கியதால் தபாலும் சாமானும் ஒழுங்காக வந்தன, போர் முடிந்ததும் அதுவும் நின்றது. இளைஞர்கள் வெளியே வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டார்கள், கிளம்பினார்கள். 1920-இல் 73 பேர், 1928-இல் 37 பேர். நடுவே 1926-இல் காய்ச்சலில் நான்கு ஆண்கள் இறந்தார்கள். நான்கு பேர்தானே என்று நமக்குத் தோன்றலாம். படகு வலிக்கவும் கயிறு பிடிக்கவும் ஆள் எண்ணிப் பார்க்கும் ஊரில் அதன்பிறகு எதுவும் நடக்காது. கூடிச் செய்வதை நம்பியே நின்ற வாழ்க்கை, கூடுவதற்கு ஆள் இல்லாமல் போனதால் முடிந்தது.

1930 ஆகஸ்ட் 29 காலையில் ஹேர்பெல் என்ற கப்பலில் 36 பேர் ஏறினார்கள். ஆடு மாடுகளை முன்பே அனுப்பியாயிற்று. நாய்களைக் கொண்டுபோக வழியில்லாமல் கழுத்தில் கல் கட்டிக் கடலில் போட்டார்கள். வீடுகளில் பைபிளைத் திறந்து வைத்து, பக்கத்தில் ஒரு சிறு குவியல் ஓட்ஸ் வைத்துவிட்டுக் கதவைப் பூட்டினார்கள். பெரும்பாலானவர்களை ஸ்காட்லாந்துப் பெருநிலத்தின் மோர்வெர்ன் பகுதியில் குடியமர்த்தி, ஆண்களுக்கு வனத்துறையில் வேலை கொடுத்தார்கள். மரமே இல்லாத ஊரிலிருந்து வந்தவர்களுக்கு மரம் நடும் வேலை. ஒரே தெருவில் வாழ்ந்தவர்களுக்கு மைல் கணக்கில் தள்ளித் தள்ளி வீடு. கிளம்பியது அவர்கள் முடிவு, சரி. ஆனால் அவர்களைச் சேர்த்துக் குடிவைக்க யாருக்கும் தோன்றவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

இப்போது அங்கே என்ன இருக்கிறது?
— பள்ளி மாணவன், நாகர்கோவில்

ஆடுகள் இருக்கின்றன, தம்பி! 1932-இல் சோய் தீவிலிருந்து 107 ஆடுகளை ஹிர்டாவுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். மேய்ப்பவர் இல்லாமல் பெருகிய அந்த ஆடுகளை 1985-லிருந்து விஞ்ஞானிகள் ஒவ்வொன்றாக அடையாளம் வைத்துக் கவனித்து வருகிறார்கள். இங்கே மட்டுமே காணக்கூடிய ரென் குருவி வகை ஒன்று உண்டு. வயல் சுண்டெலியும் உண்டு, பெருநிலத்தில் இருப்பதைவிட இரண்டு மடங்கு கனம். வீட்டுச் சுண்டெலி மட்டும் மனிதர்கள் போன கொஞ்ச காலத்திலேயே அழிந்துவிட்டது. தீவு இப்போது ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளையிடம் இருக்கிறது. இயற்கை, பண்பாடு இரண்டுக்காகவும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம்.

என் மகள் எடின்பரோவில் படிக்கிறாள். அங்கே போய்வர முடியுமா?
— தாயார் ஒருவர், சென்னை

முடியும் அம்மா, கோடையில் மட்டும். அவுட்டர் ஹெப்ரிடீஸ் வரிசையிலுள்ள ஹாரிஸ் தீவின் லெவர்பர்க்கிலிருந்து படகுகள் போகின்றன, ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம். அலை மோசமாக இருந்தால் ரத்து செய்துவிடுவார்கள், அதனால் ஹாரிஸில் இரண்டு மூன்று நாள் கையிருப்பு வைத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். பெரும்பாலும் போன அன்றே திரும்பும் பயணம்தான், சாப்பாடு கையோடு எடுத்துப்போக வேண்டும். கிளம்பும் முன் பையைக் கொட்டி எலி ஏதும் புகுந்திருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். சுண்டெலி இல்லை, பெரிய எலியில் ஒரு சோடி போய்ச் சேர்ந்தாலும் அங்கே கூடு கட்டும் பறவைகளுக்கு ஆபத்து. மேட்டில் நடக்கும்போது ஸ்குவா என்ற பெரிய பறவை கூட்டைக் காக்கத் தலையை நோக்கிப் பாய்ந்து வரும். ஒரு கோலைத் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்தால் அது கோலைத்தான் குறிவைக்கும், அப்படியே நடந்து தாண்டிவிடலாம்.