மாத்திரையால் கிட்னி போகாது, உபவாசத்தில்தான் கவனம் வேண்டும்

சர்க்கரை நோய்க்கான டாபாக்ளிஃப்ளோசின் மாத்திரையைச் சாப்பிட்டால் டயாலிசிஸில் கொண்டுபோய் விட்டுவிடுமா என்று கடிதத்தில் கேட்டிருக்கிறீர்கள். விடாது. ‘கிட்னி புரதத்தை முடக்கும் மாத்திரை’ என்று மகன் மொபைலில் காட்டியதைப் பார்த்து, நீங்களாகவே நிறுத்திவிட்டு வெந்தயப் பொடிக்கு மாறியது சரியில்லை அம்மா.

அந்தப் புரதத்தின் பெயர் எஸ்ஜிஎல்டி-2. சிறுநீரகக் குழாய்ச் செல்களின் சவ்வில் பதிந்திருந்து, வடிகட்டி இறங்கும் சர்க்கரையில் சுமார் 90 சதவீதத்தைச் சோடியத்தோடு சேர்த்துத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். மாத்திரை அதைத் தடுப்பதால் சர்க்கரை சிறுநீரில் போகிறது. உங்கள் லேப் ரிப்போர்ட்டில் யூரின் சுகர் நான்கு பிளஸ் வந்தது அதனால்தான். பிறவியிலேயே இந்தப் புரதம் வேலை செய்யாதவர்களுக்கு வாழ்நாள் முழுக்கச் சிறுநீரில் சர்க்கரை போகும். பெரும்பாலும் கிட்னிக்கு ஒன்றும் ஆவதில்லை. ஏற்கெனவே கிட்னி பாதிப்பு இருந்தவர்களிடமே இந்த மாத்திரை செயலிழப்பு அபாயத்தைக் குறைத்ததை 2020-ல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது.

எடை இரண்டு கிலோ குறைந்ததை விடுங்கள். நீங்கள் எழுதிய அரிப்பு, சிறுநீரில் சர்க்கரை போவதால் வரும் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம்; மெடிக்கலில் கேட்டு வாங்கிய களிம்பை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

கடிதத்தின் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலை. மாத்திரையை நிறுத்துவதற்கு முன், வைகுண்ட ஏகாதசிக்குத் தண்ணீர் மட்டும் குடித்து உபவாசம், மறுநாள் வாந்தி, வயிற்றுவலி. ‘குளுக்கோமீட்டரில் 160 தான், அதனால் விட்டுவிட்டேன்’ என்கிறீர்கள். விட்டிருக்கக் கூடாது. சாப்பாடு இல்லாதபோது உடம்பு கொழுப்பை எரித்து, ரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேரும். வழக்கமாக இந்த ஆபத்து வரும்போது சுகர் எகிறியிருக்கும். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை சிறுநீரில் போய்விடுவதால் 160-லும் வரலாம். உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல், என்றைக்கும் இல்லாத அசதி, இவற்றில் எது வந்தாலும் அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே காஷுவாலிட்டிக்குப் போங்கள். மாத்திரை அட்டையைக் காட்டி, ரத்தத்தில் கீட்டோன் பார்க்கச் சொல்லுங்கள். சுகர் நார்மல் என்று சொன்னாலும் அதைப் பார்க்காமல் வீட்டுக்குத் திரும்ப வேண்டாம்.

ஆபரேஷன் என்றால் குறைந்தது 3 நாள் முன்பே இதை நிறுத்த வேண்டும். முழு உபவாசம் என்றாலும் முன்கூட்டியே டாக்டரிடம் கேளுங்கள். இப்போது மாத்திரையை மறுபடி தொடங்குவதற்கு முன், அந்த ஏகாதசி வாந்தியை உங்கள் சுகர் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இந்த மாத்திரையே தொடரலாமா, வேறு மாற்றலாமா என்று அதை வைத்துத்தான் அவர் முடிவு செய்வார்.